கேன்டீன் வழியில் எதை நடுவது

கோதாவரிப் பக்கத்துக் கடியத்திலிருந்து வந்த நர்சரி லாரி, மாதிரிக்கென்று இரண்டே செடிகளை இறக்கிவிட்டுப் போனது. ஒன்று இடுப்பு உயரப் புங்கன். மற்றொன்று கறுப்புப் பையில் குத்தாக வளர்ந்து, ஊதா நிறத்தில் நரிவால் போலப் பூ விட்டிருந்த புல். ஹரிபாபு இரண்டையும் கேன்டீனுக்குப் போகும் சிமென்ட் பாதையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் தள்ளி நின்று பெண் பார்க்க வந்தவரைப் போலப் பார்த்தார்.

அவர் தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி. திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில், ஆந்திர எல்லையோரத் தொழிற்பேட்டையான ஸ்ரீ சிட்டிக்கு வந்து போகிறவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தெலுங்கும் தமிழும்.

"ஏம்மா தேன்மொழி, ரெண்டுல எது வைக்கலாம், நீ செப்பு. பராமரிக்கிறவங்களக் கேட்டு எழுதணும்னு ஆர்டர் வந்திருக்கு."

"எல்லாரையும் கேட்டுக்கினு நாளைக்கு சொல்றேன் சார்."

"சரி. எனக்கு எதுவானாலும் ஓகே. புல் போட்டா கேட்டுலேர்ந்து பார்க்க லட்சணமா இருக்கும். மரம்னா வேர் பைப்ப உடைக்கும், ஆனா சாப்பிடப் போறப்ப தலை காயாது. உங்க இஷ்டம்."

தோட்ட வேலைக்குத் தேன்மொழியோடு சேர்த்து ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஐந்து பேரும் சத்தியவேடு பக்கத்து ஒரே ஊர். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இதே மண்ணில் அடுத்தவர் கழனிகளில் நடவும் களையும் பார்த்தவர்கள். கழனி வைத்திருந்தவர்களுக்கு நிலத்துக்கு ஈடு கிடைத்தது. கூலிக்குப் போனவர்களுக்குக் கான்ட்ராக்டர் மூலம் பச்சைச் சட்டையும் அடையாள அட்டையும் கிடைத்தன. அதுவும் எல்லோருக்கும் இல்லை.

மத்தியானச் சோற்றை அவர்கள் பாய்லர் கட்டடத்தின் சுவரோரம் உட்கார்ந்து தின்பார்கள். அங்கே உச்சி வேளையில் ஒரு முழ அகலத்துக்குத்தான் நிழல் இருக்கும். முதுகைச் சுவரில் ஒட்டிக் காலை மடக்கிக்கொண்டால் ஐந்து பேரும் அதற்குள் அடங்கலாம்.

"இதுல கேக்க இன்னா கீது?" என்றாள் கிருஷ்ணம்மா, டப்பாவைத் திறந்தபடி. "மரந்தான். அந்தப் புல்லு தொடப்பக் கட்டைய நட்டு வெச்சா மாதிரி கீது."

மற்றவர்கள் சிரித்தார்கள். தேன்மொழி சிரிக்கவில்லை. அவளுக்கு நாத்தனார் ரூபாவின் நினைவு. ரூபா பக்கத்துத் தொழிற்சாலையில் இதே வேலை பார்த்தவள். அங்கே சுற்றிலும் புங்கன் நட்டார்கள். இரண்டு கோடை ஆறு பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், பாத்தி கட்டினார்கள், கொம்பு நட்டுக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் வருஷம் மரம் தானே நின்றுகொண்டது. ஆறு பேரையும் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். இப்போது வாட்ச்மேன் ஓய்ந்த நேரத்தில் ஒரு ஓஸ் பைப்பைப் பிடிப்பதோடு சரி. நிழல் நன்றாக விழுகிறது. ரூபா இருட்டோடு எழுந்து கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறுகிறாள்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தேன்மொழி இதைச் சொன்னாள்.

"மரம் ரெண்டு வருசந்தான் நம்மளக் கேக்கும். அப்பறம் மழையக் கேட்டுக்கும். புல்லு அப்பிடி இல்ல. காஞ்ச தாள அரியணும், நடுவுல களை எடுக்கணும், தூறு பெருத்தா பேத்து நடணும். விட்டா புதராப் பூடும். எப்பவும் ஆள் வோணும்."

"மரம் எலை கொட்டாதா?" என்று கேட்டாள் பச்சையம்மாள். அவள் தேன்மொழியின் புருஷனுக்கு அத்தை, ஐவரில் மூத்தவள். "மாசியில புங்கன் கொட்டுற எலைய அள்ளி மாளாது. அது வேலை இல்லியா?"

"எலை பெருக்குறது ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க. அது வேற கான்ட்ராக்ட் அத்தே."

பச்சையம்மாள் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். போன சித்திரையில் அவள் வெயிலில் மயங்கி விழுந்தாள். முடியாதவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்று மேஸ்திரி அண்ணாதுரை அப்போது சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

"எனுக்கு நெழலு வோணும்டி," என்றாள். "நீ சின்னவ. உனுக்கு வேலை வோணும்."

"உனுக்கு வோணாமா?"

"வோணும். ரெண்டும் வோணும். ரெண்டும் நம்மளுக்கு எவன் குடுப்பான்? போய் புல்லுன்னே சொல்லு."

மறுநாள் ஹரிபாபு ஆச்சரியப்பட்டார். "நிழல் வேணாமா உங்களுக்கு?"

"புல்லு அழகா கீது சார்," என்றாள் தேன்மொழி. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஐப்பசி மழைக்கு முன் புல் நட்டு முடிந்தது. தையில் பாதையின் இரண்டு பக்கமும் ஊதாவாகப் பூத்தது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அதன் நடுவே நின்று போனில் படம் எடுத்தார்கள். தேன்மொழி நினைத்தது போலவே வேலை ஓயவில்லை. இலையின் விளிம்பு முழங்கை வரை கீறியது. பழைய சட்டைக் கைகளை வெட்டி உறை போல மாட்டிக்கொண்டார்கள். கான்ட்ராக்ட் புதுப்பித்தபோது ஐந்து பேரும் இருந்தார்கள்.

சித்திரை வந்தது. காய்ந்த தாளை எல்லாம் ஒரு சாண் விட்டு அரிய வேண்டும் என்று உத்தரவு. அண்ணாதுரை ஆளுக்கொரு வரிசை பிரித்துவிட்டான். இரண்டாம் நாள் வெயில் ஏறுவதற்குள் பச்சையம்மாள் அரிவாளைக் கீழே வைத்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

தேன்மொழி அலுவலகத்துக்குப் போனாள். "குழாயாண்ட ஒரே ஒரு புங்கன் வெச்சிக்கிலாமா சார்?"

"ட்ராயிங் அப்ரூவ் ஆயிப்போச்சும்மா," என்றார் ஹரிபாபு. அவர் குரலில் கோபம் இல்லை. "நீதானே புல் அழகுன்னு செப்பின?"

அவள் திரும்பி வந்து பச்சையம்மாளை எழுப்பி மோட்டார் ரூமில் உட்காரவைத்தாள். பிறகு தன் வரிசையில் நாலு தூறு, எதிரே பச்சையம்மாளின் வரிசையில் நாலு தூறு என்று மாறி மாறி அரிய ஆரம்பித்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தாள்.

"வேலை வோணும்னு கேட்டியே, நல்லா துன்னு," என்றாள் பச்சையம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்து.

அண்ணாதுரை வந்தான். "எங்க பெரிம்மா?"

"தண்ணி பிடிக்கப் பூடுச்சு."

"காலையிலயும் இதான் சொன்னே."

"அடிக்கிற வெயிலுக்கு எவ்ளோ பிடிச்சாலும் பத்தல."

அவன் இரண்டு வரிசையையும் குனிந்து பார்த்தான். இரண்டும் ஒரு சாண் உயரத்தில்தான் நின்றன. தேன்மொழியின் முகத்தையும் ஒரு தரம் பார்த்தான். கேட்டுப் பக்கம் போய்விட்டான்.

அவன் மறைந்ததும் மோட்டார் ரூமிலிருந்து சத்தம் வந்தது.

"ஏண்டி, என் வரிசையில மூணாவது தூறு ஏத்தமும் எறக்கமுமா கீது. உன்னுதுல மட்டும் நல்லா அரிஞ்சிக்கினு போறியா? என் பேரக் கெடுக்காத."

தேன்மொழி திரும்பிப் போய், மூன்றாவது தூறை மறுபடியும் அரிந்தாள்.