செயலாளரின் எடை

அந்த ஆண்டு சங்கத்தின் செயலாளர் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை இருந்தார். ஆள் என்னவோ ஒல்லிதான், பத்து வருஷத்துக்கு முன் தைத்த உடுப்புகள் இன்னும் அப்படியே பொருந்தின. எடை பார்த்தது கடைத்தெருவில் மூட்டை நிறுக்கும் தராசில். தராசுக்காரர் இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தராசில் கோளாறு ஒன்றுமில்லை; அடுத்து ஏற்றிய சிமெண்ட் மூட்டைக்கு அது சரியாக ஐம்பது காட்டியது.

அது நோயாளிகளுக்குப் பொருள் இரவல் தரும் சங்கம். கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் இலவசம்; தேவை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் செயலாளரைத் தவிர உறுப்பினர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் தங்கமானவர்கள், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அக்காவக் கேளுங்க." எந்தக் கட்டிலை ஏற்றி இறக்க எந்தத் திருகுப்பிடி, எந்த வீட்டு மாடிப்படி குறுகல், எந்தப் பெரியவர் இரண்டாம் தடவை கேட்டால் கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அக்காவின் தலைக்குள்தான் இருந்தன. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருவரிடம் வேலையைக் கொடுப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அதையே முதலிலிருந்து தானே செய்து முடிப்பார். அப்படிச் செய்த ஒவ்வொரு நாளும் எடை ஏறியிருக்கிறது. மூன்று நாற்காலிகள் உடைந்த பிறகு சங்கத்தார் அவர் உட்காரக் கல்லில் ஒரு மேடை கட்டினார்களே தவிர, ஏன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நல்ல கூத்து!

அக்காவுக்கு இருப்பது ஒரே மகள். எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் குடியிருந்தாள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆட்டோவில் ஏறியதும் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. எப்படியோ பேருந்து நிலையத்துக்கு நடந்து போனால், அங்கே பேருந்தின் படி நெளிந்துவிட்டது. நடத்துனர் மரியாதையாகவே இறங்கச் சொன்னார். போனில் மகள் அழவில்லை. "பரவால்லம்மா. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்," என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்தது.

சின்னச் சங்கங்களுக்கு நிர்வாகம் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்றார். அக்கா நாலு நோட்டு நிறைய எழுதினார். ஒரு கிலோகூடக் குறையவில்லை. குறையாதுதான், நோட்டுகளை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் எப்படிக் குறையும்? பிறகு பயிற்சியாளர் வேலைகளைப் பதினோரு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். நோட்டுகளையும் கொடுத்தார். அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "அவங்க தப்பு பண்ணட்டும் மேடம். நீங்க போய் சரி பண்ணாதீங்க."

அந்த வாரமே, பதினோரு பேரில் ஒருவரான வேன் ஓட்டுநர் திருகுப்பிடி இல்லாத கட்டிலை ஒரு வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அக்கா பார்த்துவிட்டார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டார் போன் செய்து நாலு வார்த்தை கேட்டதும் ஓட்டுநர் காது சிவக்கப் பிடியைத் தேடி எடுத்துப் போய் மாட்டினார். மறுநாள் தராசில் அக்காவுக்குப் பதினெட்டு கிலோ குறைவு. ஓட்டுநருக்குப் பதினெட்டு கூடுதல். "முட்டி கொஞ்சம் வலிக்குது, மத்தபடி ஒண்ணுமில்ல," என்றார் அவர்.

இப்படியே மாதங்கள் போய், அக்காவின் எடை நூறில் வந்து நின்றுவிட்டது. மீதி எந்த வேலையின் கனம் என்று எல்லோருக்கும் தெரியும். நோயாளி இறந்துபோன வீட்டிலிருந்து கட்டிலைத் திரும்ப எடுத்து வருவது. அதற்கு அக்கா மட்டும்தான் போவார். முதல் தடவை சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார், இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவர்களே எடுத்துப் போகச் சொல்வார்கள். இதைப் போய் யாரிடம் கொடுப்பது? மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று காலையில் தகவல் வந்தபோது அப்படி ஒரு வீடு பாக்கி இருந்தது; வாயைத் திறந்தால் டயரைப் பற்றி மட்டுமே பேசுகிற அந்த ஓட்டுநர்தான் எழுந்தார்.

"நான் போறேன்க்கா."

"அங்க என்னப்பா பேசுவே?"

"தெரியல. பேசாம உக்காந்திருக்கேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது; அந்த வீட்டு விலாசத்தை மட்டும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வேன் காலியாகத் திரும்பியது. ஓட்டுநர் முகத்தைக் கழுவிக்கொண்டு, "நாளன்னிக்கு மறுபடி போறேன்," என்றார்.

தராசுக்காரர் எழுதியபடி அன்று அக்கா ஐம்பத்துநாலு கிலோ. இறங்கிய இருநூற்று ஐம்பத்தெட்டும் பதினோரு பேரிடமும் கிராம் பிசகாமல் இருந்தது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை, நாற்காலிகளும் தாங்கின. பேருந்தில் நடத்துனர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையோடு படுத்திருந்த மகள் முதலில் கேட்டது, "எப்பம்மா கிளம்பணும்?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும் இருக்கேன்டி."

மகள் நம்பவில்லை. கண் அயர்ந்தாலும் திடுக்கிட்டு விழித்து அம்மா இருக்கிறாளா என்று பார்த்தாள். நாலு நாள் அப்படிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குழந்தையை அம்மா மடியில் போட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.