அல்ஹம்துலில்லாஹ்வுக்குப் பத்துப் புள்ளி

படாரென்று திறந்த கதவு சுவரில் மோதியது. மேசையிலிருந்த படிவங்கள் பறந்தன. தனஞ்சயன் நிமிர்ந்து பார்த்தான். சுனாமி அகதி முகாமில் இருக்கும் கமீலா, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி நின்றாள்.

"இருங்க அக்கா."

"இருக்க வரல்ல. கஜேந்தினி மிஸ் இனி எங்கட முகாமுக்கு வரமாட்டாவாம். ஆரு நிப்பாட்டின?"

கடல் கல்முனைக்குள் புகுந்து ஏழு மாதம். தகரக் கொட்டில்களுக்கு வாரம் ஒருமுறை போய், மனம் உடைந்தவர்களோடு உட்கார்ந்து கதைப்பது கஜேந்தினியின் வேலை. கமீலாவின் கொட்டிலில்தான் கூடுதல் நேரம் இருப்பார். கமீலாவின் கணவன் அபுல் ஹஸன், அலையில் மகளின் கையை விட்டுவிட்டுத் தனியாகக் கரையேறியவன். அன்றிலிருந்து பாயே கதி.

தனஞ்சயனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. எந்த முகாமுக்கு யாரை அனுப்புவதென்று முடிவுசெய்வது அவன்தான்; உளவியல் படித்தவன், கணக்குப்படிதான் செய்திருந்தான்.

"உங்கட முகாமில நலவாழ்வுப் புள்ளி பத்துக்கு ஒம்பதர. பக்கத்து முகாமில மூண்டு. இருக்கிறது ஒரு மிஸ். தேவையான இடத்துக்குத்தானே அனுப்பலாம்?"

"எனக்குப் பத்துப் போட்டது ஆரு?"

அவன் படிவத்தைத் தேடி எடுத்தான். "நீங்கதான். வாழ்க்கை எப்பிடி எண்டு கேட்டன். 'அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கம்' எண்டீங்க. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. நன்றி சொல்ற மனம் சுகமான மனம் எண்டுதான் நாங்க படிச்சம்."

"சாவு விழுந்த மையத்து வீட்டுல நிண்டும் அதத்தான் சொல்லுவம். அது படைச்சவனுக்குச் சொல்ற பதில், உன்ட கடுதாசிக்கு இல்ல. அவனுக்கு முன்னால குறை சொல்ல நாக்கு வராது. அதுக்காக நெஞ்சுல நெருப்பு இல்லையா? பாண்டிருப்புல பொறந்து எங்கட கடைத்தெருவுல வளந்தவன் நீ. இது தெரியாதா உனக்கு?"

அந்த அடி சரியாக விழுந்தது. ஹமீட் நானாவின் கடையில் அவன் ஆயிரம் தடவை கேட்ட சொல். கலவரத்தில் கடை எரிந்த மறுநாளும், சாம்பலுக்குள் நின்று நானா அதையேதான் சொன்னார். அன்று அது சந்தோஷமென்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் பேனையை மேசையில் எறிந்தான்.

"புதுசா எழுதுறன் அக்கா. அவருக்கு இப்ப எப்பிடி?"

"அவருக்கு என்ன, நல்லா நித்திரை கொள்றார். மிஸ் வந்தது அவருக்காக இல்ல."

"அப்ப ஆருக்கு?"

கமீலாவின் குரல் இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

"எனக்கு. புள்ளைட கைய விட்டவர் கண்ணயர்ற நேரமெல்லாம், தலகணியக் கையில எடுத்துக்கிட்டு அவர்ட முகத்துக்கு நேரா நிக்கிறன், தம்பி."