பாதி ஜெபம்

பெமிலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்; கைவேலையும் அதற்குக் குறைச்சலில்லை. குவைத்தில் தீயணைப்புக் குழாய்களுக்கு வரைபடம் போட்டவள், குலசேகரத்து மாமியார் வீட்டுக்கும் ஒன்று போட்டாள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை அடுக்களையை ஒட்டியே இருந்தது. தீப்பிடித்தால் வீடும் சேர்ந்து போகும். குழாயில் தண்ணீர் நின்று கசிந்தாலோ ஷீட்டில் பூஞ்சை பிடிக்கும். அதனால் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்துவைத்தாள். தீச்சூட்டில் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் உடையும், காற்று வெளியேறும், அது அழுத்தி மூடியிருந்த வால்வு திறந்து தண்ணீர் பாயும்.

“காத்த ஊதியா தீய அணைக்கப் போற? அடுப்ப ஊதினா எரியத்தாம்ட்டி செய்யும்!” என்றாள் மாமியார் சத்தியபாய்.

சோதனை பார்த்த அன்று, முனையைத் திறந்ததும் மாமியார் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினாள். ஆமென் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்புறம்தான் ஆடி அசைந்து வந்தது. சபைப் பெண்களுக்கெல்லாம் ஒரு வாரத்துக்குச் சிரிப்பு.

பெமிலாவுக்கு மானம் போயிற்று. தப்பும் அவளுடையதுதான். வால்வைத் தூரத்து மோட்டார்ப்புரையில் வைத்தால், அத்தனை நீளக் குழாயின் காற்றும் போய்த் தீரவேண்டாமா? எல்லாவற்றையும் பிரித்து, வால்வை வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்தாள்.

“இனி பாதி ஜெபத்திலே வரும் மாமி.”

“பாப்பம், பாப்பம்.”

ஒரு மழைநாள் மதியம் ஷீட் ஒன்று நழுவிக் கனலில் விழுந்தது. குப்பென்று பற்றிக்கொண்டது. பெமிலா மாமியாரை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். உள்ளே புஸ்ஸென்று காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“ஐயோ, எனக்க வீடு!” சத்தியபாய் கண்ணை இறுக மூடி ஜெபத்தைத் தொடங்கினாள். பெமிலாவும் உதட்டுக்குள் கூடவே சொன்னாள். பாதிகூட ஆகவில்லை, சோவென்று தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் ஷீட் கருகியதோடு தீ அடங்கிற்று. அடுக்களைச் சுவரில் கரிகூடப் படவில்லை.

“பாத்தியளா மாமி!” என்று மழையில் நின்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல மாமியாரே முதலில் எழுந்தாள்.

“வெறுங்காத்துண்ணு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சது நாந்தான். எனக்க மருமவ போட்ட பைப்பாலதான் இண்ணைக்கு எனக்க வீடு நிக்குது. தண்ணி வந்த சந்தோசத்துல ஜெபத்தப் பாதியில விட்டுட்டேன். மீதி கெடக்கு. எல்லாரும் எழும்புங்க, சேந்து சொல்லி முடிப்போம்.”

சபை எழுந்தது. சிரித்த பெண்களும் எழுந்தார்கள். பெமிலா தலையை நிமிர்த்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.