சுவரோடு நின்ற வெள்ளம்

வள்ளிமேடு அணையின் மண்கரை உடைந்தால் வினாடிக்கு நாற்பத்திரண்டாயிரம் கனஅடி தண்ணீர் பாயும் என்று உதவிப் பொறியாளர் ஏஞ்சல் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரிதான். தப்பெல்லாம் அணையின் பேரில்தான். உடைவதற்கு முன் கீழே இருக்கும் தொழிற்பேட்டையை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

"இன்னாம்மா, ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ள தண்ணி வர்றா மாதிரி போட்டுக்கீற?" என்றார் செயற்பொறியாளர் துளசிராமன். "சொவத்தோட நிக்கிற மாதிரி போட்டு எத்துனு வா."

அந்த ஆபீஸில் அதுதான் முறை. தண்ணீர் எங்கே நிற்கவேண்டும் என்று முதலில் முடிவாகும். கரை எத்தனை அடி உடையலாம் என்று அதற்கப்புறம் அனுமதி கிடைக்கும். நூற்றுப்பத்து அடி உடையவேண்டிய கரை சமர்த்தாக ஐம்பதோடு நிறுத்திக்கொண்டது. வெள்ளமும் பத்தொன்பதாயிரமாக இளைத்தது. ஏஞ்சல் வெள்ள அபாய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகுதான் பார்த்தாள், அண்ணன் தானியேல் குடியிருக்கும் காலனியும் வெள்ளக் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. வரைபடத்தில் நனையாத ஊருக்கு அபாயச் சங்கு கிடையாது. அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவள் நேரே துளசிராமனிடம் போனாள்.

"சார், பேட்டைக்குப் பக்கத்து புது லேஅவுட்ல உங்க மனை கீதே" என்றாள். "நெஜக் கணக்குல அங்க ஏழடி தண்ணி சார். நாப்பது நிமிசத்துல வந்துரும்."

துளசிராமனுக்கு முகம் செத்துவிட்டது. டீயைக் கீழே வைத்தார். "நல்லவேள சொன்ன" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும், ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதே பத்தொன்பதாயிரம். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏஞ்சல் நாளைக் கடத்தினாள்.

மூன்றாவது வாரம் அவனே போன் செய்தான். "பாப்பா, பேட்டைக்குப் பக்கத்துல மனை வாங்கிக்கீறோம். ரெஜிஸ்டர் ஆய்ட்ச்சு. புரோக்கர் காட்னான், உங்க சாரோட பிளாட்டாம்."

"யாரக் கேட்டு வாங்கின?"

"யாரக் கேக்கணும்? தண்ணி வராதுன்னு மேப்புல போட்டுக்கீதே. கீழ உன் கையெழுத்தப் பாத்துகினுதான் வாங்கினேன்."