கேம்ப் பிள்ளைகள்

பத்து மாதம் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களைத் தேய்த்ததில் சமையல்காரிக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. நாளை மறுநாள் பிள்ளைகள் முகாமுக்கு வந்து இறங்கிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கிளார்க் ஒரு அச்சுத்தாளை நீட்டினார்.

"நம்ம கோடை முகாம் வரலாறுக்கா. அம்பதாம் வருஷ மலர். பழைய ஆளு நீங்க, ஒரு பார்வை பாருங்க."

முதல் பக்கத்தில் ஒரு படம். தகரக் கொட்டகைகளுக்கு முன்னால் கூடைகளோடு பிள்ளைகள். கீழே எழுதியிருந்தது: 'முதல் முகாம். பிள்ளைகள் மணலில் விளையாடி மகிழ்கிறார்கள்.'

வரிசையில் மூன்றாவதாக நின்ற சிறுமி அவள்தான். அடுத்தது அவள் அண்ணன். ஓரத்தில் குனிந்தபடி, பாதி முகம் மட்டும் விழுந்து, அம்மா. அம்மாவுக்கு வேறு படமே கிடையாது.

"இது முகாம்னு யாரு சொன்னது?"

"படத்துக்குப் பின்னாடியே எழுதியிருக்கே, 'கேம்ப் பிள்ளைகள், கோடை'ன்னு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே ஏரிக்கரை கட்டியபோது கூலியாட்களைக் குடிவைத்த கொட்டகைகளுக்குத்தான் கேம்ப் என்று பெயர். பள்ளிக்கூடம் மூடிவிட்டால் பிள்ளைகளும் மண் சுமக்க வேண்டும். முகாமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

தாளை வாங்கிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனாள். அண்ணனுக்கு அங்கே தண்ணீர் ஏற்றும் வேலை. ஒரு தோள் அவனுக்கு அப்போதிருந்தே இறங்கித்தான் இருக்கும்.

"விளையாடினோமா?" என்றான். "யாரு ஜெயிச்சா?"

பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தான்.

"அம்மா இருக்கு."

"அதான்ணே."

"விட்டுரு. அம்மா மூஞ்சி புஸ்தகத்துல வரட்டும். கீழ என்ன எழுதினா நமக்கென்ன?"

"அம்மா சுமந்தது விளையாட்டா?"

"உன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல இவளே. என்னமோ செய்."

மதியம் அவள் ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டு, மேனேஜருக்குப் போன் செய்தார். வைத்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"சுமக்கிறாங்கன்னு போட முடியாதாம். பெத்தவங்க கையில கொடுக்குற மலராம். ஒண்ணு, அப்படியே இருக்கணும். இல்ல, படத்தையே எடுத்துடணும். பிரஸ்ல காத்திருக்காங்கக்கா."

அவள் அம்மாவின் பாதி முகத்தைப் பார்த்தாள். அச்சில் வந்தால் ஆயிரம் வீட்டில் அம்மா இருப்பாள், மண் கூடையோடு மகிழ்ந்துகொண்டு.

"எடுத்துடு தம்பி."

"முதல் பக்கம் காலியாயிடுமே."

"நீச்சல் குளத்தைப் போடு. அசல் படத்தைக் கொடு, நான் கொண்டு போறேன்."

"அது ஆபீஸ் சொத்துக்கா."

"வச்சிருந்து என்ன பண்ணுவீங்க? மறுபடியும் விளையாட விடுவீங்களா?"

கிளார்க் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அலமாரியைத் திறந்து, படத்தை ஒரு பழைய கவரில் போட்டுக் கொடுத்தார்.

மோட்டார் அறையில் அண்ணன் கையில் இருந்த கிரீசை வேட்டியில் துடைத்துவிட்டு, படத்தின் விளிம்பை மட்டும் பிடித்துப் பார்த்தான்.

"புஸ்தகத்துல வராதா?"

"வராது."

"மூக்கு உன்ன மாதிரி."

"உன்ன மாதிரிண்ணே."

அம்மாவின் மீதி முகத்தை இருவரும் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருந்தார்கள். அதற்காகச் சண்டை போட அன்றைக்கு இருவருக்கும் தெம்பில்லை.