சங்கு ஓயும்வரை

ஓனா மேல்கோட்டுக்குள் சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, கூடைப்பந்து ஆட்டம் பார்க்கிறவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு, கோச் பெஞ்சில் இருந்த கணவனிடம் வந்து குனிந்தாள். அவள் தலைத்துணியிலிருந்த பனி உருகி காஸிஸின் கழுத்தில் சொட்டியது.

“பேத்ராஸுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. சாமியார் வந்துட்டாரு. மகன் அல்பினத்தான் கேக்கறாரு. ரெண்டு தடவ கேட்டுட்டாரு.”

சுரங்கத்தின் மூன்று மணிச் சங்கு அப்போதுதான் ஊத ஆரம்பித்தது. அந்தச் சங்கு ஊதினால் ஊரே பேச்சை நிறுத்திவிடும்; ஓய்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து பேசும். ஆட்டம் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று நின்றது. அல்பினை யாரோ முழங்கையால் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவுக்காக அவன் கோட்டில் நின்றான். பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்தபடி, சங்கு ஓயட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான்.

காஸிஸ் மனைவியின் காதில் வாயை வைத்துச் சொன்னான். “இந்த ஒண்ணப் போட்டுடட்டும். அப்புறம் அனுப்பறேன். நீ போய் மோர்தாகூட இரு.”

“உடனே அனுப்பிடுவதானே?”

“போன்னு சொல்றேன்ல.”

அவள் போனாள். அவன் சொன்னால் செய்வான் என்று நம்பிப் போனாள்.

அன்றைய விதிப்படி ஆட்டம் நடக்கும்போது கோச் ஆட்டக்காரனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பாதி ஆட்ட இடைவேளையில் பேசலாம், அதற்குப் பிறகு வாயைத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் ஆளை மாற்றுவதற்குத் தடை ஏதும் இல்லை. விரலைத் தூக்கி பெஞ்சிலிருந்து பென் என்ற பையனை அனுப்பினால் போதும், அல்பின் வெளியே வந்துவிடுவான். பென் நல்ல பிள்ளை. பந்து தன் பக்கம் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். இந்த ஆட்டம் போனால் அடுத்த வருஷம் கல்லூரியில் படித்த கோச்சைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக் குழுவில் பேச்சு. காஸிஸ் ஆறாம் வகுப்போடு நிலக்கரி பொறுக்கப் போனவன். பந்தை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

சங்கு ஓய்ந்தது. அல்பின் முழங்காலை மடக்கி, கீழிருந்து இரண்டு கையாலும் பந்தை வீசினான். அது வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. காஸிஸ் கற்றுக்கொடுத்த வீச்சு அது.

பன்னிரண்டு வருஷம் காஸிஸும் பேத்ராஸும் கூலிக்கு ஆடினார்கள். அந்த நாளில் ஆடுகளத்தைச் சுற்றிக் கூரை உயரத்துக்குக் கம்பிவலை அடித்திருப்பார்கள். பந்து வெளியே போகாது, ஆளும் வெளியே போக முடியாது. ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றிவிட்டு அங்கேயே நடனம் நடக்கும். ரத்தத்தின் மேல் மரத்தூளைத் தூவிவிட்டு ஆடுவார்கள். யார் அடிபட்டாலும் ஃப்ரீ த்ரோவை அணியில் ஒரே ஆள்தான் போடுவான். அந்த ஆள் காஸிஸ். பேத்ராஸ் குனிந்து மாடு மாதிரி கூடைக்குக் கீழே புகுவான். இரண்டு பேர் சேர்ந்து அவனை வலையோடு வைத்துத் தேய்ப்பார்கள். விசில் ஊதும். காஸிஸ் கையைத் துடைத்துக்கொண்டு சாவதானமாகக் கோட்டுக்கு நடப்பான். மறுநாள் பத்திரிகையில், பெயரை எழுத வராமல், காஸி ஸ்டோன் என்று போடுவார்கள். காஸி ஸ்டோன், பதினோரு புள்ளிகள். பேத்ராஸ் ரயிலில் முழங்கைக்கு அயோடின் தடவிக்கொண்டே அதை உரக்கப் படிப்பான்.

“அடி எனக்கு, பேரு உனக்கு. நல்லா இருக்குடா உன் பொழப்பு!”

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஒரு தடவைகூட வேறு மாதிரி சொன்னதில்லை. பிறகு விதியை மாற்றினார்கள், அடிபட்டவனேதான் போட வேண்டும் என்று. அந்தப் பருவத்துக்குப் பிறகு காஸிஸை யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகையில் வந்த பெயரை வைத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பேத்ராஸுக்குப் பெயர் இல்லை. அவன் சுரங்கத்துக்குத் திரும்பினான். இப்போது கரித்தூள் நெஞ்சில் அடைத்து, நான்கு தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

ஃப்ரீ த்ரோ விழுந்துவிட்டது. இனி விரலைத் தூக்க வேண்டும். எதிரணி பந்தோடு வந்துகொண்டிருந்தது; இந்தப் பந்தைத் தடுத்துவிடட்டும் என்று காஸிஸ் நினைத்தான். தடுத்தான் அல்பின். பேத்ராஸ் சாகிற ஆளா? இந்தக் குளிர்காலத்தில் மட்டும் சாமியார் இரண்டு தடவை வந்தாகிவிட்டது. இரண்டாவது தடவை மந்திரம் முடிவதற்குள் பேத்ராஸ் கண்ணைத் திறந்து, “சாமி, பீட்ரூட் சூப்பு ஆறிடப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க” என்றான். இதுவும் அப்படித்தான் இருக்கும். எதிரணி ஓய்வு கேட்டது. பிள்ளைகள் களத்தின் நடுவில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அல்பின் வழக்கம்போல அவன் முகத்தைப் பார்த்தான். காஸிஸின் உதடுகள் அசையவில்லை. இந்த ஓய்விலும் பேசக்கூடாது, விதி இருக்கிறது. விரல்கள் தொடை மேல் கிடந்தன. அவற்றுக்கு எந்த விதியும் இல்லை.

இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று. ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். யாரோ அவனைத் தோள்மேல் தூக்கினார்கள். மேலே இருந்து பார்த்தபோது கூட்டத்துக்கு நடுவே அல்பின் இரண்டு கையையும் விரித்து, “கோச்! கோச்!” என்று கத்திக்கொண்டிருந்தான். “இறக்குங்கடா, இறக்குங்கடா” என்று காஸிஸ் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

“கோட்ட மாட்டு. அப்பா கூப்பிடறாரு,” என்றான் அல்பினிடம், தரையில் கால் பட்டதும்.

அந்தப் பையனின் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்கு ஒரு கணம் பிடித்தது. பிறகு ஓடினான். பத்து நிமிட நடை. பனியில் வழுக்கி வழுக்கி காஸிஸ் பின்னால் போனான். வீட்டு வாசலை அடைந்தபோதே உள்ளே பெண்கள் ஜெபம் பாடும் குரல் கேட்டது.

பேத்ராஸை இன்னும் தலையணைகளில் சாய்த்தபடியே வைத்திருந்தார்கள். கடைசி மூச்சின்போது கையில் கொடுத்திருந்த மந்திரித்த மெழுகுவத்தியை மனைவி மோர்தா அப்போதுதான் எடுத்திருந்தாள். விரலில் மெழுகு சிந்தி இருந்தது. கண்ணாடிக்குத் துணி போட்டிருந்தார்கள். உயிர் போன நிமிஷத்தில் கடிகாரத்தை நிறுத்துவதும் அவர்கள் வழக்கம். சுவரில் பெண்டுலம் அசையாமல் தொங்கியது. மூன்று இருபது.

அல்பின் கட்டிலருகே மண்டியிட்டு வெகுநேரம் இருந்தான். அப்பாவின் முன்கைகளில் கட்டம் கட்டமாய் வெள்ளைத் தழும்புகள். கம்பிவலை பதிந்தவை. சின்ன வயதில் அவற்றை விரலால் எண்ணுவான்.

மோர்தா மகன் தலையைத் தடவினாள். “ஒன்னயே கேட்டுட்டு இருந்தாருடா. அல்பின் ஜெயிச்சுட்டுத்தான் வருவான்னு நான்தான் சொன்னேன். தலையாட்டினாரு.”

அவன் எழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஞானத்தகப்பனான காஸிஸ் பக்கம் திரும்பினான். பள்ளிக்கூடத்தில்தான் கோச், வீட்டில் எப்போதும் மாமா.

“மாமா, அப்பா என்னைக் கேட்டப்போ நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?”

அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அப்பாவையும் தன்னையும் கடைசியாகச் சேர்த்துவைக்கிற ஒரு கணத்தை அவன் தேடிக்கொண்டிருந்தான். ஓனா அடுப்படி வாசலில் நின்றாள். அதே ஏப்ரன். அவள் கணவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது என்று சொல்லலாம். ஓனா மறுக்க மாட்டாள். சாகும்வரை மறுக்க மாட்டாள், அவ்வளவுதான்.

இங்கே விசில் ஊத யாரும் இல்லை.

“நீ கோட்டுல நின்னுட்டு இருந்தே,” என்றான் காஸிஸ். “சங்கு ஊதிட்டு இருந்துச்சு.”

ஜெபப் பாட்டு அடுத்த அடிக்குப் போனது. அல்பினின் இரண்டு கைகளும் தாமாகவே வயிற்றருகே வந்து, நடுவில் ஒரு பந்து அளவுக்கு இடம் விட்டு நின்றன. தலையைக் குனிந்து, எதுவோ ஓயட்டும் என்பதுபோல அவன் அப்படியே நின்றான்.