மூடி திறக்க இன்னும் இருபது நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு நேற்று மாலை மீன்வறுவல் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற ஹேசல் மொஸ்ஸப், வினிகர் வழியும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, "நாளைக்குப் பத்து நாப்பதுக்கு என் பீப்பாயைத் திறக்கறாங்க" என்றாள், பேறுகாலத்துக்கு நாள் குறித்தவள் மாதிரி. [உவமை பழசு. அவள் முகம் அப்படித்தான் இருந்தது.]

2

முதல் தொடக்கம்: "இங்கிலாந்தின் கம்பிரியக் கடற்கரையில் மழை பெய்தது." எப்போதுதான் பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அணு ஆலையின் பழைய குளத்தில் எரிபொருள் கம்பிகள் அரித்துக் கரைந்து, அறுபது வருடமாகச் சேறு படிந்து, அந்தச் சேற்றில்… [பாடப்புத்தகம்.]

சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கதிரியக்கச் சேற்றைச் சிமெண்டில் கலந்து பீப்பாய்க்குள் கல்லாக்க வேண்டும். கல்லானால் பத்திரம். மேலே துளித் தண்ணீர் நின்றாலும் பீப்பாய் தேறாது.

3

ஆய்வகத்தில் ஓவன் என்ற இளம் ஆய்வாளன் சோதனைக்காகச் செய்த போலிச் சேறு சிமெண்டோடு அழகாக இறுகியது. குளத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த ஹேசல் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல கடற்காகத்தோட எச்சம் எங்க?"

"என்னது?"

"குளத்துக்குக் கூரையே கிடையாது. எச்சம், பாசி, இலை எல்லாம் அதுக்குள்ளதான். உன் சேறு குளிச்சுட்டு வந்திருக்கு."

ஓவன் சிரித்தான். ஆனாலும் கலந்து பார்த்தான். மூன்று நாளாகியும் ஓட்ஸ் கஞ்சியாகவே கிடந்தது. பிறகு சுண்ணாம்பு சேர்த்து வழி கண்டான். செய்முறைத் தாளின் தலையில் 'மொஸ்ஸப் கலவை' என்று எழுதினான்.

நிஜச் சேற்றோடு முதல் பீப்பாயை நேற்றுக் காலை பத்து நாற்பதுக்கு நிரப்பி மூடினார்கள். தேறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஹேசலுக்கு அடுத்த மாதம் பணி ஓய்வு.

4

இங்கே அவளை அழவைத்தேன். அப்பாவின் படத்தைப் பார்த்து… அவள் கதைக்குள்ளிருந்தே திரும்பினாள்.

"நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காக."

"வேணும்னா நீங்க அழுங்க. அந்தக் குளத்தை எங்கப்பா நிரப்பினார், நான் காலி பண்றேன். இதுல அழ என்ன இருக்கு?"

[அடித்துவிட்டேன்.]

5

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் மேற்பரப்பு உலர்ந்திருக்கிறது, தட்டினால் கல்லோசை. மற்றதில் மெல்லிய நீர்ப்படலம்.

இப்போது மணி பத்து இருபது. தடித்த கண்ணாடிக்கு இப்பால் ஹேசல். அப்பால் இயந்திரக் கை மூடியைத் தொட்டபடி நிற்கிறது.

"லேசா எட்டிப் பார்த்துடலாமே" என்கிறான் ஓவன்.

"இருபத்துநாலு மணி நேரம்னா இருபத்துநாலு மணி நேரம். ஈரமா இருந்தா ஈரம்னு நானே எழுதுவேன். தாள்ல என் பேர் இருக்கு."

நான் முதல் முடிவைத் தொடங்குகிறேன்: மூடி மெல்ல உய…

"உங்களுக்கும்தான் சொல்றேன். பேனாவை வைங்க."

வைத்துவிட்டேன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வாசகரே, உட்காருங்கள். மூடியைத் திறக்கப்போவது நீங்கள்தான். ஆனால் பத்து நாற்பதுக்கு.